வாழைநார்த் துணியில் ஒரு வெள்ளை முடி

— முடிதான் ஹமீதா. நான் அடிச்சுச் சொல்றேன். இது வாழைநாரு இல்ல.

— நாருதான் முதலாளி. சோடாவுல வெந்து வெளுத்த நாரு அப்படித்தான் பளபளன்னு கெடக்கும். உங்க தாடி மாதிரி.

— என் தாடிய எதுக்கு இழுக்குறீங்க? பினாங்கு சூலியா தெருவுல முப்பது வருஷமா துணி விக்கிறவன் இந்த நாகூர் மீரான். நாரு எது, முடி எதுன்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சவரு எதுக்கு மூணு நாளா பூதக்கண்ணாடியும் கையுமா உக்காந்திருக்கீங்களாம்?

— யாரு சொன்னது?

— நான்தான் சொன்னேன் லா அண்ணே. ஹமீதா அக்காகிட்ட மறைக்க என்னா இருக்கு? கைலி வாங்க வந்த ஆளு ‘அண்ணே, அண்ணே’னு கூப்பிட்டுப் பார்த்துட்டு எதுத்த கடைக்குப் போயிட்டாரு. நீங்க தலையே தூக்கல.

— சலேஹா, நீ எனக்குத் தங்கச்சியா, எதுத்த கடைக்காரனுக்கு ஒற்றனா?

— ரெண்டுக்கும் சம்பளம் கிடையாது லா.

— அண்ணன் தங்கச்சி சண்டைய அப்புறம் வச்சுக்குங்க. முதலாளி, போன்ல பாதி சொன்னீங்க, பாதி முழுங்கிட்டீங்க. முதல்ல இருந்து சொல்லுங்க. ஷேக் அலாவுதீன் என்னதான் சொன்னாரு?

— நம்ம துணியைக் கட்டிக்கிட்டுத்தான் உம்ராவுக்குப் போனாரு. நீங்க நாரு குடுத்து, நான் பஞ்சு குடுத்து, கடையநல்லூர்ல நெய்து வந்ததுல்ல, அந்த இஹ்ராம் துணி. இடுப்புக்கு ஒண்ணு, தோளுக்கு ஒண்ணு. மக்காவுல இறங்கின அன்னைக்கே மெசேஜ் போட்டாரு. ‘மீரான், வேர்வை தெரியல, பாரம் தெரியல, இந்த வெயில்லயும் காத்தைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு’ன்னு.

— அந்த மெசேஜை அண்ணன் எல்லாருக்கும் போட்டுக் காமிச்சாரு அக்கா. தபால்காரருக்குக்கூட.

— மறுநாள் இன்னொரு மெசேஜ். ‘மீரான், துணியில முடி முளைச்சிருக்கு.’

— துணியில முடி முளைக்குமா?

— அதைத்தான் அவரும் கேக்குறாரு. இஹ்ராம்ல இருக்கப்ப உடம்புல இருந்து ஒரு முடியைப் பிடுங்கக் கூடாதுல்ல? தோள்பட்டையில வெள்ளையா ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கவும் மனுஷன் பதறிப் போயிட்டாரு. ‘என் முடிதான் உதிர்ந்துருச்சு, நான்தான் சொறிஞ்சேனோ என்னமோ, குத்தமாயிருச்சு, பரிகாரமா ஃபித்யா குடுக்கணுமோ’ன்னு ராத்திரி தூக்கம் இல்ல. கடைசியில கூடப் படுத்திருந்தவரு எந்திரிச்சு உக்காந்து கேட்டாராம். ‘ஷேக், உங்க தலையில ஏது முடி?’

— யா அல்லா! அவரு தலை நம்ம கடை கண்ணாடி அலமாரி மாதிரில்ல இருக்கும்! முகம் பார்த்துப் பொட்டு... இல்ல, மை வைக்கலாம்!

— சிரிக்காத சலேஹா.

— அக்காதான் முதல்ல சிரிச்சாங்க.

— நான் இருமுனேன்.

— நல்லா இருமுனீங்க. இது சிரிக்கிற விஷயம் இல்ல ஹமீதா. ஆலிம்கிட்ட கேட்டேன். மார்க்கத்துல ஒரு குத்தமும் இல்லன்னுட்டாரு. ஆனா வியாபாரத்துல குத்தம்தானே? உம்ராவுக்கு ஷேக் கூட்டிக்கிட்டுப் போற ஆளுங்க அத்தனை பேருக்கும் இந்த வருஷம் நம்ம துணியத்தான் கட்டச் சொல்றதா இருந்தாரு. இப்ப ஊருக்கு வந்த மறுநாளே துணியை எடுத்துக்கிட்டு வந்து இந்த மேஜை மேல வச்சுட்டாரு. ‘மீரான், இது என்னா, இது யாரோடது, இனிமே வராதுன்னு யார் பொறுப்பு? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுததும் எனக்குப் பதில் வேணும்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

— வெள்ளிக்கிழமைன்னா இன்னைக்கு.

— இன்னைக்குத்தான்.

— அவரு வேணாம்னுட்டா?

— வேணாம்னுட்டா... பார்ப்போம்.

— பார்க்க ஒண்ணும் இல்ல முதலாளி. நான் முன்னாடி வேலை பார்த்த ஃபாக்டரியில இருந்து கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்றாங்க. அதே பழைய லைனு, அதே ஷிஃப்ட்டு. பாயான் லெப்பாஸ் பஸ்ஸு ஜெலுத்தோங்குல எங்க வீட்டு முனையிலதான் நிக்கும். ஷேக் வேணாம்னா நாரு மெஷினை வித்துட்டு நான் ஏறிடுவேன். எத்தனை நாளைக்குத்தான் ஒத்தைக் கையா மரத்தை உரிச்சுக்கிட்டு, ஒரு துணியும் நிக்காம இருக்கிறது?

— தெரியும்.

— ‘தெரியும்’னு சொல்றதுக்கு ஏன் அண்ணே தொண்டை கட்டுது?

— மழைக்காலம். சளி.

— வெளியில வெயில் மண்டையைப் பொளக்குது லா.

— சலேஹா, பால் இல்லாம தே ஓ போட்டுக் கொண்டா, போ.

— கேத்தல் இங்கேயே இருக்கு. இங்க இருந்தே போடுறேன், அப்பத்தான் எனக்கும் காது கேக்கும்.

— முதலாளி, நாருன்னு நான் சொல்றேன், முடின்னு நீங்க சொல்றீங்க. வாயால பேசி ஆகப் போறது இல்ல. எரிச்சுப் பார்த்துருவோம்.

— அதான் நான் ஒரு துணுக்கை எரிச்சுப் பார்த்துட்டேனே.

— என் முன்னாடி எரிக்கணும். ஃபாக்டரியில தரம் பார்க்குற கியூசின்னா அப்படித்தான். ஒருத்தர் சோதிச்சா இன்னொருத்தர் கூட நிக்கணும்.

— சரி. துணியில ரெண்டு இருந்துச்சு. ஷேக் கண்ணுல பட்டது ஒண்ணு, பூதக்கண்ணாடி வச்சு நான் பிடிச்சது ஒண்ணு. சலேஹா, லைட்டரைக் குடு. முதல்ல உங்க நாரு. பாருங்க. பஞ்சு மாதிரியே, பேப்பர் எரியற வாசம், ஊதுனா சாம்பல் பறந்துருச்சு. சரியா?

— சரி.

— பாலியஸ்டரா இருந்தா உருகி மணி மாதிரி உருண்டுக்கும். அதுவும் இல்ல. இப்ப இந்த வெள்ளை. மோந்து பாருங்க.

— ஆட்டுத்தலை வாட்டுற வாசம் லா!

— சலேஹா, அவங்க சொல்லட்டும்.

— சலேஹா சொன்னது சரிதான். முடி. நான் ஒத்துக்கிறேன் முதலாளி, முடிதான். நாருன்னு சண்டை போட்டது என் தப்பு.

— அடடா, ஹமீதா ஒரு தப்பை ஒத்துக்கிட்டாங்க! இந்தத் தேதியைக் குறிச்சு வைக்கணும்.

— வச்சுக்குங்க. உங்களுக்கும் ஒரு நாள் வரும். சரி, யாரோட முடி?

— அதுதான்... தப்பா எடுத்துக்காதீங்க. மரத்தை உரிக்கிறது நீங்க. வேகவைக்கிறது நீங்க, சீவுறது நீங்க, பஞ்சு நீளத்துக்கு வெட்டுறதும் நீங்க. அதனால, சும்மா ஒரு பேச்சுக்கு, உங்களுதா இருக்குமோன்னு...

— என்னா சொன்னீங்க?

— ஒரு பேச்சுக்குத்தான்.

— அண்ணே, பின்னாடி அலமாரி இருக்கு, முட்டிக்காதீங்க லா.

— முதலாளி, இருபது வருஷத்துக்கு மேல ஃபாக்டரியில, தூசியே ஆகாத க்ளீன் ரூம்ல நின்னவ நான். தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை உறை. கண்ணு ரெண்டும்தான் வெளியில தெரியும். எங்க அவரு மவுத்தான வருஷம்கூட, அழுத கண்ணை உள்ள போய்த் துடைக்க முடியாது, அந்த உறைக்குள்ளயேதான் அழுது முடிப்பேன். ஒரு முடி விழுந்தா லாட்டு முழுக்க ஸ்க்ராப்பு. என் லைன்ல முடின்னு ஒரு நாளும் எதுவும் ரிஜெக்ட் ஆனதில்ல. வேலையை விட்டாலும் அந்தப் பழக்கம் விடல. நாரு சீவ உக்காந்தா தலையில கட்டுற துடோங்குக்கு மேல தொப்பி, வாயில மாஸ்க். எங்க தெருப் பிள்ளைங்க என்னை ‘நிலாவுக்குப் போற ஆன்ட்டி’ங்குதுங்க. என்னைப் பார்த்துப் போய் முடின்னுட்டீங்களே!

— கோவப்படாதீங்க.

— கோவம் இல்ல. மனசு வலிக்குது. ரெண்டும் வேற.

— மன்னிச்சுக்குங்க ஹமீதா. பேச்சுக்குக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது.

— அண்ணே, நான் சாட்சி சொல்றேன். அக்கா தலையை நான் பார்த்திருக்கேன். நீங்கதான் பார்க்கக் கூடாது, எனக்கென்ன? மருதாணி போட்டு செக்கச் செவேல்னு இருக்கும். மருந்துக்கு ஒரு வெள்ளை முடி கிடையாது.

— சலேஹா! என் தலையைக் கடைத்தெருவுல ஏலம் போடாத.

— சிவப்பா?

— அதை ஏன் இவ்ளோ மெதுவாக் கேக்குறீங்க அண்ணே?

— நான் விசாரணை பண்றேன்.

— ரொம்ப நல்ல விசாரணை லா.

— தேயைக் குடு முதல்ல. ஹமீதா, நீங்களும் குடிங்க. சீனி கம்மி. அப்படின்னா கடையநல்லூர்க்காரங்க வேலையாத்தான் இருக்கணும். தறியில உக்காந்தவரு யாரோ கிழவரு, குனிஞ்சு நெய்யறப்ப விழுந்திருக்கும். நான் அடிச்சுச் சொல்றேன்.

— எத்தனை பேரைத்தான் அடிப்பீங்க முதலாளி? அந்த இன்னொரு முடியையும் பூதக்கண்ணாடியையும் இப்படித் தள்ளுங்க. நான் பார்க்குறேன்.

— பார்த்துக்குங்க.

— தறியில விழுந்திருந்தா இழைக்கும் இழைக்கும் நடுவுல கெடக்கும். இழுத்தா வந்துரும். ஷேக் இழுத்துப் பார்த்தாரா?

— இழுத்தாராம். வரல. நானும் நூலை அவுத்துத்தான் எடுத்தேன்.

— ஏன் வரல? நூலுக்குள்ள இருக்கு. நாரோடயும் பஞ்சோடயும் சேர்ந்து முறுக்கேறியிருக்கு. அப்ப நூலு நூக்குறதுக்கு முன்னாடியே கலந்துருச்சு. கடையநல்லூர்க்காரங்க பாவம், அவங்கள விட்டுருங்க.

— நூக்குறதும் உங்க வீட்லதானே? உங்க சின்ன மெஷின்லதானே?

— அவசரப்படாதீங்க. நாரை நான் ஒரு அங்குலமும் சொச்சமுமா வெட்டுறேன். பஞ்சு எவ்ளோ நீளமோ அவ்ளோ. நீளமா விட்டா ரெண்டும் ஒட்டாது, நூலு முடிச்சு முடிச்சா விழும். என்கிட்ட இருக்கப்பவே முடி விழுந்திருந்தா அதுவும் கத்தியில மாட்டியிருக்கும், வெட்டுன முனை மொட்டையா இருக்கும். இதைப் பாருங்க. ஒரு பக்கம் வேர், ஒரு பக்கம் கூர். வெட்டே படல. முழு முடியே இவ்ளோதான்.

— குட்டை முடி.

— ஆமா, குட்டை முடி. நான் வெட்டி மூட்டை கட்டினதுக்கு அப்புறம், நான் நூக்குறதுக்கு முன்னாடி விழுந்திருக்கு. நடுவுல மூட்டை எங்க இருந்துச்சு?

— அண்ணே, அக்கா கேக்குறாங்க.

— இங்கதான். மாடியில.

— மாடியில என்னா நடக்கும்?

— உங்களுக்குத் தெரியாததா? பஞ்சையும் நாரையும் கலக்குறது. ஏழு பங்கு பஞ்சு, மூணு பங்கு நாரு.

— யாரு கலக்குறா?

— நம்ம கடைப் பையன் இமான்.

— இமானுக்கு என்னா வயசு?

— ஒரு இருபத்தஞ்சு இருக்கும்.

— இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு வெள்ளை முடி?

— இளநரை. பங்களாதேஷ் தண்ணி அப்படி.

— சரி, இமானைக் கூப்பிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன். அடுத்த தடவை தொப்பி போட்டுக்கன்னு சொல்லிட்டுப் போறேன்.

— அவன் வெளியில போயிருக்கான். பட்டர்வொர்த் பக்கம். துறைமுகத்துல சரக்கு எடுக்க.

— எப்ப வருவாரு?

— லேட்டாகும். ஃபெர்ரி கூட்டமா இருக்கும்.

— போன தடவை நான் மூட்டை கொண்டு வந்தப்பவும் இமான் ஃபெர்ரியிலதான் இருந்தாரு. அதுக்கு முந்தின தடவையும் ஃபெர்ரியிலதான் இருந்தாரு. அந்த ஃபெர்ரி பாவம், கரையே சேராதா?

— சலேஹா, நீ எதுக்கு இருமுற?

— எனக்கும் மழைக்காலம் லா.

— சலேஹா...

— இல்லண்ணே, இதுக்கு மேல என்னால முடியாது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொய்யைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. அக்கா, இமான் நோம்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போனவன் திரும்பியே வரல. அங்கேயே கோழிக்கடை போட்டுட்டான். நேத்துகூட எனக்குக் கோழி போட்டோ அனுப்பினான். நல்ல கொழுத்த கோழி.

— நோம்புப் பெருநாளைக்கா? அப்புறம் நாலஞ்சு மூட்டை வந்து போயிருக்கே. அத்தனையும் கலந்தது யாரு முதலாளி?

— அண்ணே, ஃபேனைப் பார்த்தா ஃபேன் பதில் சொல்லாது லா.

— நான்தான்.

— கேக்கல.

— நான்தான் கலந்தேன்னு சொல்றேன். கேட்டுச்சா? எதுத்த கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

— நீங்களா? வாழைநாரு பூக்கட்டத்தான் ஆகும், துணிக்கு ஆகாதுன்னு பாசார் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச நாகூர் மீரானா?

— அவரேதான்.

— எங்க தெருக் காமினி மக கல்யாணத்துல, பொண்ணு காரை விட்டு இறங்குறதுக்குள்ள வாசல் வாழை மரத்தை எப்ப அவுப்பீங்கன்னு நான் கேட்டேன்னு, அந்தக் கதைய இந்தத் தெருவுல ஒவ்வொரு கடையா ஏறிச் சொல்லிச் சிரிச்சவரா?

— அது நீங்க கேட்டது உண்மைதானே?

— மறுநாள் எடுத்தா நாரு கறுத்துரும், அதான் கேட்டேன். பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. சொல்றேன். முதல் மூட்டையை இமான் கலந்தான். ஒரு பக்கம் நாரு, ஒரு பக்கம் பஞ்சு, கோழி றெக்கை பிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. அப்பவே அவன் மனசு கோழிக்கடையிலதான் இருந்திருக்கு. அதை எடுத்து நான் மறுபடி சீவுனேன். அவன் ஊருக்குப் போனதும் வேற ஆளு வைக்கலாம்னுதான் நெனச்சேன். ஆளும் கெடைச்சான். நான்தான் வேணாம்னுட்டேன்.

— ஏன்?

— கை பழகிப் போச்சு. அசர் தொழுதுட்டு மாடி ஏறுவேன். ரெண்டு கம்பிச் சீப்பு. நாரைக் கொஞ்சம், பஞ்சைக் கொஞ்சம் வச்சு இழுப்பேன். முதல்ல நாரு முரண்டு பிடிக்கும், உங்களை மாதிரி. இழுக்க இழுக்க அடங்கும். அப்புறம் எது நாரு எது பஞ்சுன்னு நானே பிரிக்க முடியாது. என் வீட்டுக்காரி, இவளோட மதினி, மவுத்தானதுல இருந்து அந்த நேரம்தான் எனக்குப் போகாது ஹமீதா. கடையும் ஓயும், வீடும் சும்மா கெடக்கும். உங்க மூட்டை வந்ததுக்கப்புறம் அசர் எப்ப வரும்னு இருக்கு. இதை எப்படி நான் வெளியில சொல்றது? பூக்கட்டத்தான் ஆகும்னு சொன்ன வாயி.

— அக்கா, இவரு மாடி ஏறுறப்ப பாட்டு வேற முணுமுணுப்பாரு. நான் ஏதோ வியாதின்னு நெனச்சேன் லா.

— அப்ப அந்த முடி?

— இன்னும் என்னா மறைக்கிறது? தாடிதான். குனிஞ்சு சீவுறப்ப விழுந்திருக்கும். சத்தியமா உங்க முடின்னுதான் நெனச்சேன். மூணு நாளா பூதக்கண்ணாடியில பார்த்தேன், என் முகத்தைக் கண்ணாடியில பார்க்கல.

— பினாங்குல இருக்குற மீரான் இன்னும் உம்ராவுக்கே போகல. தாடி மட்டும் தனியாப் போயிட்டு வந்துருச்சு!

— நீ சொல்லுவ சலேஹா. நாளைக்கு சூலியா தெரு முழுக்க இதைத்தான் சொல்லும்.

— ஷேக்கிட்ட என்னா சொல்லப் போறீங்க முதலாளி? அதோ, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்ல அசர் பாங்கு சொல்றாங்க. தொழுதுட்டு நேரா இங்கதான் வருவாரு.

— வர வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? பள்ளிக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். இல்லாட்டி தொழுகையில மனசு நிக்காது. போனைக் குடு.

— ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணே.

— போட மாட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும் ஷேக். ஆமா, மீரான்தான். உங்க கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கூப்பிட்டேன். முடிதான். ஆமா, எரிச்சுப் பார்த்தோம். நாரு குடுத்தவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, அவங்க நாரு தங்கம். முடி... என்னோடது. என்னுது ஷேக். தாடி. நான்தான் மாடியில உக்காந்து கலக்குறேன். ஆமா, நானே. இல்ல, ஆளு கெடைக்காம இல்ல. ஷேக், சிரிக்காதீங்க. ஷேக்! பள்ளி வாசல்ல நின்னுக்கிட்டு அப்படிச் சிரிக்கக் கூடாது. சொல்லுங்க. ம். ம். புரியுது. நியாயமான கேள்விதான். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.

— என்னா கேக்குறாரு?

— துணி அவருக்குப் பிடிச்சிருக்கு. ‘அடுத்த தடவை வராதுன்னு எனக்கு ஒரு உத்தரவாதம் குடு, எல்லாருக்கும் இதையே கட்டச் சொல்றேன்’ங்கிறாரு.

— என்னா சொல்லப் போறீங்க?

— வேற என்னா? இனிமே நான் மாடிக்கு ஏறல. தாடி முளைக்காத ஆளா ஒருத்தன வச்சுடறேன். நீங்க திங்கக்கிழமை பஸ் ஏறாம இருந்தாப் போதும்.

— அசருக்கு அப்புறம்?

— எப்படியோ போகும். முன்னாடி போகலையா?

— அண்ணே...

— சலேஹா, உங்க அண்ணன் அழுதுருவாரு போல, அந்த டிஷ்யூவைக் குடு. முதலாளி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இமான் கலந்த மூட்டையைப் பிரிச்சா சம்பல் வாசம் அடிக்கும். பெருநாளுக்கு அப்புறம் வந்த மூட்டையைப் பிரிச்சேன், குப்புன்னு அத்தர்.

— அத்தரா?

— நீங்க போடுற அத்தர். வீடு முழுக்க. இஹ்ராம் கட்டுறவங்களுக்கு வாசனை ஆகாதேன்னு நூலை மூணு தண்ணியில அலசினேன். போகவே இல்ல. ஒரு ராத்திரி பூரா வேப்ப மரத்துக் காத்துல போட்டு, அப்புறம்தான் போச்சு.

— அப்ப அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?

— வாசம் தெரியும். வாய் திறந்து நீங்களே சொல்லுவீங்களான்னுதான் தெரியாது. இன்னைக்கும் என் முடின்னே சொல்லி ஷேக்கை அனுப்பியிருந்தீங்கன்னா, திங்கக்கிழமை முதல் ஆளா பஸ்ல ஏறி உக்காந்திருப்பேன்.

— இவ்ளோ நேரம் ஒண்ணுமே தெரியாத மாதிரி இழுத்தடிச்சீங்களே! நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும் ஹமீதா.

— சலேஹா, என் பையில அடியில ஒரு டப்பா இருக்கும், எடு.

— இதா? பெருசா இருக்கே. என்னாக்கா இது, வெள்ளையா, வலை மாதிரி, ரெண்டு பக்கமும் காதுல மாட்டுற ரப்பரு... மாஸ்க்கா?

— தாடி உறை. க்ளீன் ரூம்ல தாடிக்காரங்களுக்குக் குடுப்பாங்க. அத்தர் அடிச்ச அன்னைக்கே வாங்கிட்டேன். குடுத்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வெக்கப்பட்டு மாடி ஏறுறதையே இவரு விட்டுருவாரோன்னு பயம். அதான் பையிலேயே கெடந்துச்சு. இவரு சொல்லல, நானும் குடுக்கல. நடுவுல மாட்டிக்கிட்டது ஷேக்கோட மொட்டைத்தலை.

— ஹமீதா... எனக்கு ஒண்ணு போதாதா? டப்பாவோடவா வாங்குவீங்க?

— ஒரு டப்பாவுக்கு நூறு. அது தீர்ற வரைக்கும் நீங்க மாடி ஏறுறத நிறுத்தக் கூடாது, நானும் எந்த பஸ்ஸும் ஏறுறதா இல்ல.

— அக்கா! ஷேக் இன்னும் லைன்ல இருக்காரு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காரு லா!

— கேக்கட்டும் சலேஹா. ஊரே அண்ணேன்னு கூப்பிடுற மனுஷரை நான் மட்டும் ஏன் இத்தனை நாளும் முதலாளின்னே கூப்பிட்டேன்னு நாளைக்கு யாராவது கேட்டா, சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணாமா?